பதில் சொன்னால் தோல்வி

பிணம் மாதிரிக் கிடக்க என் மகளுக்குப் பழக்கியது நீங்கள். எங்கள் ஊர் முன்பள்ளி ஆசிரியையாகிய உங்களைத்தான் சொல்கிறேன். பிள்ளைக்கு நான்கு வயது.

முன்பள்ளிக்குப் போவதற்கு முதல் அவள் ஓயாமல் கதைப்பாள். கோழியோடு கதைப்பாள், வாளியோடும் கதைப்பாள். மாரிகாலம் முடிவதற்குள் வீடு அடங்கிப்போனது. மத்தியானத்தில் பாயில் நேராகப் படுத்து, கைகளை உடம்போடு ஒட்டிக் கண்ணை மூடிவிடுவாள். கூப்பிட்டால் அசையமாட்டாள். கன்னத்தில் தட்டினாலும் அப்படித்தான். மனைவி பயந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். பிறகு பிள்ளை தானாக எழுந்து தண்ணீர் கேட்கும். காய்ச்சலும் இல்லை. எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்று ஊரார் சொன்னார்கள், மந்திரித்த நூல் கட்டினோம்.

அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றுவதற்கு இலுப்பைக்கடவையிலிருந்து உழவு இயந்திரம் பிடித்தோம். ஏற்றி முடித்துப் பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை.

"இப்ப இஞ்சதானே நிண்டவள்!" மனைவி வாய்க்கால் பக்கம் ஓடினாள். நான் பெயர் சொல்லிக் கத்தினேன். வெட்டவெளி வயல். காற்றுகூட இல்லை. எங்கிருந்தும் பதில் வரவில்லை.

நாங்கள் தேட வழி விட்டு, ஓட்டுநர் வைக்கோல் ஏற்றிய பெட்டியைப் பின்னுக்கு எடுத்தார். உருளும் சில்லுக்குப் பின்னால், சிந்திக் கிடந்த வைக்கோலுக்குள், சிவப்புச் சட்டை தெரிந்தது.

"நிப்பாட்டு! டேய், நிப்பாட்டு!"

இழுத்து எடுத்தேன். கட்டை மாதிரி விறைத்திருந்தாள். நெஞ்சு மட்டும் அடித்தது. உலுக்கினேன், கெஞ்சினேன். கடைசியில் ஒரு கண்ணை மட்டும் திறந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கள் உண்மையான அப்பாவோ?"

அன்றுதான் நித்திரை விளையாட்டைப் பற்றிச் சொன்னாள். எல்லாரும் படுக்க வேண்டும். ரீச்சர், அம்மாவின் குரலிலும் அப்பாவின் குரலிலும் கூப்பிடுவா. நம்பி எழும்பினால் தோல்வி. தோற்ற பிள்ளைக்குப் பிஸ்கட் இல்லை.

மறுநாள் அவளை அனுப்பிவிட்டு, பின்னால் நானும் முன்பள்ளிக்கு வந்தேன். வாசல் படலையடியில் ஒரு பிள்ளையின் சத்தமும் கேட்கவில்லை. ஜன்னலால் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாக, முகம் மேலே பார்க்கக் கிடந்தார்கள். நீங்கள் நடுவில் நடந்தீர்கள்.

"குஞ்சு, அம்மா வந்திட்டன். எழும்புங்கோ, வீட்டை போவம்."

அது என் மனைவியின் குரல். அந்த இழுவைகூடப் பிசகவில்லை. என் மகள் அசையவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். கூட்டத் தலைவர் சிரித்தார். "பிள்ளை சத்தம் போடேல்லை எண்டு முறைப்பாட்டோட வந்த முதல் தகப்பன் நீர்தான் ஐசே. என்ர வீட்டுக்கும் ரீச்சரை ஒருக்கா அனுப்பட்டோ?" எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அவளை இப்போது அனுப்புவதில்லை. ஆனாலும் நான் வேலை முடிந்து வந்து கூப்பிட்டால் வரமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். என் கையில் இருக்கும் பழைய தழும்பைத் தடவிப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பாள். இருட்டில் அவள் தொலைந்தால் எந்தத் தழும்பைக் காட்டி நான் அவளைத் தேடுவது?

எல்லாத் தாய் தகப்பன்மாரையும் முன்பள்ளி முற்றத்துக்குக் கூப்பிடுங்கள். அவர்களுக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்: பெற்றவர்கள் கூப்பிட்டாலும் வராதே என்று எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் பழக்கினீர்கள்? உங்கள் சொந்தக் குரலில் சொல்லுங்கள்.