நூற்றுப் பதினேழாம் எண்

பிள்ளைகள் அவளைக் கேள்வி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு கணக்கு டீச்சராக இருந்தவள். வகுப்பில் பறித்த போன்கள் மேசை இழுப்பறைக்குள் அதிர்ந்துகொண்டே கிடக்கும். அந்தப் போன்களுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்ற ஆர்வம் அவளைப் பிள்ளைகளின் போன் பழக்கம் பற்றிய ஆராய்ச்சிக்கு இழுத்து வந்தது.

அதற்காக மூன்று பள்ளிகளில் இருநூறு பேர் தினமும் மாலை ஒரு செயலியில் நாலு கேள்விக்குப் பதில் எழுதினார்கள். போனுக்கு எங்கிருந்து எத்தனை செய்தி வருகிறது என்பதையும் செயலி எண்ணிக்கொள்ளும். பிள்ளைகளின் பெயர் கிடையாது, ஆளுக்கோர் எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பல்கலைக்கழகத் துறைத்தலைவரின் அலமாரியில், முத்திரையிட்ட உறையில் இருந்தது. "யார் எழுதினதுன்னு எனக்கே தெரியாது" என்று வகுப்பு வகுப்பாகப் போய் வாக்குக் கொடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முந்தைய நாள் பதில்களைப் புரட்டினாள். 'நாளை போனில் என்ன செய்வாய்?' என்ற கேள்விக்கு நூற்றுப் பதினேழு எழுதியிருந்தது: 'நாளைக்கு எனக்கு போன் தேவைப்படாது.'

ஊருக்குப் போகிறதோ என்று நினைத்தாள். அந்தப் பிள்ளையின் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தாள். பதினோரு நாளாக ஒரே போன் எண்ணிலிருந்து தினமும் அறுபது, எழுபது செய்திகள். ஒன்றுக்கும் பதில் இல்லை. செய்திகளில் என்ன இருந்தது என்பதைச் செயலி பதிவதில்லை.

துறைத்தலைவரிடம் ஓடினாள்.

"விளையாட்டா எழுதியிருக்கும்மா. உறையைப் பிரிக்கணும்னா ஆராய்ச்சி நெறிமுறைக் கமிட்டி சொல்லணும். திங்கட்கிழமைதான் கூடுது."

"நாளைக்குன்னு எழுதினது நேத்து, சார். அந்த நாளை இன்னிக்குதான்."

"பிரிச்சா உங்க ஆராய்ச்சி போச்சு."

அவள் நகரவில்லை. அவர் சாவியை மேசைமேல் வைத்து, "நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று வெளியே போனார்.

அலமாரியைத் திறந்து உறையின் முத்திரையை உடைத்தாள். பெயர் கிடைத்தது. பள்ளிக்குப் போனால், "வயித்துவலின்னு அப்பவே வீட்டுக்குப் போயிட்டா" என்றார் வகுப்பாசிரியை. விலாசம் வாங்கிக்கொண்டு நாலு தெருவை ஓட்டமும் நடையுமாகக் கடந்து மூன்றாம் மாடி ஏறினாள். கதவைத் தட்டினாள். உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். இரண்டு கையாலும் தட்டினாள்.

தண்ணீர் நின்றது. சீருடையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். முகம் கழுவியும் கண் வீக்கம் போகவில்லை.

"கேள்வி அக்கா... நீங்க எப்படி?"

"உறையைப் பிரிச்சிட்டேன். வாக்கைக் காப்பாத்தல."

"அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?"

அந்தப் பெண் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். அவள் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டி யாரோ படம் செய்திருந்தார்கள். வகுப்பு முழுக்க அனுப்புவேன் என்று மிரட்டல்.

"போனை ஆத்துல போட்டுடலாம்னு இருந்தேன்."

"போனை மட்டுமா?"

அந்தப் பெண் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவள் காதில் விழும்படியே கேள்வி அக்கா அவள் அம்மாவுக்கு போன் செய்தாள். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வேலையிடத்திலிருந்து மூச்சிரைக்க வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் திட்டுவேன்னு நினைச்சியாடி?"

"ஆமா."

அம்மா மகளை இறுகக் கட்டிக்கொண்டாள். அன்று மதியமே மூவரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். ஒரு வாரத்தில் ஆள் பிடிபட்டான். டியூஷனில் கூடப் படித்தவன்.

கமிட்டி ஆராய்ச்சியை ஆறு மாதம் நிறுத்தியது. நாற்பத்தோரு பிள்ளைகள் விலகினார்கள், அந்தப் பெண்ணும்தான். "எங்களோடதையும் பிரிப்பீங்களா?" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். "உயிருக்கு ஆபத்துன்னு தோணினா பிரிப்பேன்" என்றாள் கேள்வி அக்கா. ஆராய்ச்சி மறுபடி தொடங்கிய பின் புது வகுப்புகளில் அதைத்தான் முதலில் சொல்கிறாள். பதில்களையும் அன்றன்றைக்கே படித்துவிடுகிறாள். கடைசிப் பதிலைப் படித்து முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை.