அவள் உப்பிலிருந்து தொடங்கினாள்

ஐந்து வரி. கேஸ் ஷீட்டில் நோயாளியின் கதைக்கு விட்டிருந்த இடம் அவ்வளவுதான். அந்தத் தாளை அச்சடிக்கச் சொன்னவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பாதி உடம்பு செத்துப்போன ஒரு காலையை, பெற்ற பிள்ளையின் பெயர் வாயில் வராமல் போன பயத்தை, ஐந்து வரிக்குள் மடித்து வை என்று எவன் முடிவு செய்தான்? மடித்து வைத்தவன் நான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரி. மாதம் இரண்டு முறை நரம்பு டாக்டர் ஒருவர் கீழேயிருந்து ஜீப்பில் வருவார். வெள்ளைக்காரர். கெட்டவர் இல்லை, சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டும்போதுகூட மன்னிப்புக் கேட்பதுபோலத் தட்டுவார். தமிழ் தெரியாது. நோயாளி பேசுவதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும், தாளிலும் எழுத வேண்டும். வராந்தாவில் நாற்பது பேர் காத்திருப்பார்கள். மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும், ஜீப் கிளம்பியாக வேண்டும்.

நம் ஆட்கள் நோயை நேராகச் சொல்ல மாட்டார்கள். கை விளங்கவில்லை என்று சொல்ல வந்தவர் பழனிக்கு நடந்துபோன வழியிலிருந்து தொடங்குவார். நடுவில் ஒரு பங்காளிச் சண்டை வரும், ஒரு மாடு சாகும், ஒரு மழை அடிக்கும். அத்தனையும் தாண்டித்தான் அந்தக் கை வந்து விழும். டாக்டர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்ப்பார். நான் வெட்டுவேன். "அதெல்லாம் இருக்கட்டுங்க. எந்தக் கை? எத்தனை நாளா?" வெட்ட வெட்ட அது ஒரு கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு நினைப்பு வந்துவிட்டது. நர்ஸுகள்கூடச் சொன்னார்கள், நான் இருந்தால் வரிசை வெரசா நகருகிறது என்று.

அந்த நகர்ந்த வரிசையில் ஒரு நாள் அவள் வந்தாள். இருபது வயது இருக்கும். மலைக்குக் கீழே ஆயக்குடிப் பெண், மேலே நாயுடுபுரத்தில் கட்டிக்கொடுத்து ஆறு மாதம். நாக்கின் ஓரத்தில் கடிபட்ட காயம். மூன்று முறை விழுந்து, வலிப்பு வெட்டி இழுத்திருக்கிறது. கணவன் உருளைக்கிழங்கு லாரியோடு மதுரைக்கும் பழனிக்கும் அலைகிறவன், பாதி நாள் வீட்டில் இல்லை. கூட்டிவந்தது கணவனின் அண்ணன். கிழங்குத் தோட்டம் அவன் பொறுப்பில். தம்பி அவன் சொல்லைத் தாண்டாதவன்.

எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். நான் அவளிடம் கேட்டேன்.

"தனி உலை வச்ச அன்னைக்கி, உப்பு வாங்கி உள்ள வச்சோம்ல..." என்று அவள் தொடங்கினாள்.

"ஏ புள்ள, உங்கிட்ட சமையலா கேட்டாக?" என்றான் அண்ணன்காரன். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "சின்னப் பிள்ளையில இருந்தே இருக்கு சார். மறைச்சு எங்க தலையில தள்ளிவிட்டுட்டாக. எழுதிக்கங்க."

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். மறுபடியும், "உப்புல..." என்றாள்.

"உப்பு இருக்கட்டும்மா, எத்தனை தடவை விழுந்தீங்க? அதைச் சொல்லுங்க," என்றேன் நான். ஆமாம், நான்தான். வராந்தாவில் இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள். "சிறு வயது முதல்" என்று இங்கிலீஷில் எழுதினேன். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், மாத்திரை எழுதினார், கையெழுத்துப் போட்டார். அண்ணன்காரன் ஒரு நகல் வேண்டுமென்றான். அதையும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் மறுபடி வந்தாள். இந்த முறை கூட வந்தவர் அவள் அப்பா, கொய்யாப்பழ வியாபாரி. டாக்டர் வருகிற நாள் அல்ல அது. தெரிந்தேதான் வந்திருக்கிறாள்.

"டாக்டரைப் பாக்க வரலை," என்றாள். "உங்களைத்தான் பாக்கணும். அன்னைக்கி என் வாயை அடச்சது நீங்கதான."

"பாப்பா, மெதுவா பேசு," என்றார் அப்பா.

"மெதுவா பேசித்தான இந்தக் கதி?" என்று அவரிடம் எரிந்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "அந்தத் தாளை வச்சுக்கிட்டு மூத்தவரு என்னைய எங்க அப்பா வீட்டுல கொண்டுவந்து விட்டுட்டாரு. அது போகட்டும். எனக்குப் பின்னால ஒரு தங்கச்சி இருக்கா. அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடிச்ச எடம் ஒண்ணு இருக்கு. தாள் ஊரெல்லாம் சுத்தி அவுக காதுக்குப் போயிருச்சு. சின்னதுல இருந்தே வலிப்புன்னா அது வம்சத்துல ஓடுற சீக்காம். அக்காளுக்கு இருந்தா தங்கச்சிக்கும் இருக்குமாம். வர்ற வெள்ளிக்கிழமை வந்து வேணாம்னு சொல்லிட்டுப் போகப் போறாக. இன்னைக்கி நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தப் பேனாவை மூடி வைங்க."

மூடி வைத்தேன்.

மலையில் மழை மாதங்களில் உப்பு நீர்த்துப்போகும். ஜாடியில் வைத்தால் ஒரு வாரத்தில் பாதி தண்ணீர். அதனால் இறுக்கி மூடுகிற தகர டப்பாவுக்கு இங்கே பெண்களுக்குள் அடிதடியே நடக்கும். தனிக்குடித்தனம் வைத்த அன்று முதலில் உப்பும் மஞ்சளும்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், கணவனின் அண்ணன் பெருந்தன்மையாக ஒரு டப்பா கொடுத்திருக்கிறான். நல்ல டப்பா. மூடியைத் திறக்கக் கரண்டிக் காம்பு வேண்டும்.

"உப்புல ஒரு நாத்தம் அடிச்சுச்சு. இங்க எதுதான் நாறல? துணி நாறுது, அரிசி நாறுது, பூசணம் பிடிச்ச நாத்தம். அதான்னு இருந்துட்டேன். வெள்ளனே எந்திரிச்சு, பழைய சோத்துல ஒரு பிடி அள்ளிப் போட்டுத் தின்னுட்டுக் காட்டுச் சோலிக்குப் போவேன். அவரு இருந்தா ஆக்குவேன். இல்லாட்டி மூணு வேளையும் அதான். ஆயக்குடிக்குப் போயி ரெண்டு மாசமா வலிப்பு ஒரு தடவைகூட வரல. மாத்திரையும் போடல, சொல்லிட்டேன்."

"என்ன டப்பா அது?" என்று கேட்டேன். அன்று நான் கேட்ட ஒரே கேள்வி.

"கெழங்குக்குத் தூவுற பூச்சி மருந்துப் பொடி வந்த டப்பா. சாம்பல் போட்டுத் தேய்ச்சுத்தான் எடுத்தேன்."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? முதல் ஒரு நொடி அப்படித்தான் வந்தது. பிறகு அது திரும்பி, எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே சேர்ந்தது. உப்பு என்று இரண்டு முறை சொன்னாளே. என் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, கடிபட்ட நாக்கால் சொன்னாளே.

வியாழக்கிழமை டாக்டர் வந்ததும் வரிசையை நிறுத்திவிட்டு முழுக் கதையையும் அவரிடம் சொன்னேன். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தபோதும் நிறுத்தவில்லை. அந்தப் பொடி வலிப்பைக் கொண்டுவரக்கூடியதுதான் என்றார் டாக்டர். பழைய தாளை வாங்கி, "சிறு வயது முதல்" என்பதன் மேல் கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்திட்டார். நான் எழுதிய புது நகலிலும் கையெழுத்துப் போட்டார். எல்லாம் முடிந்து தொப்பியை எடுக்கும்போது கேட்டார்: "இதை ஏன் அவள் முதலிலேயே சொல்லவில்லை?"

"சொன்னாள்," என்றேன். அதற்கு மேல் பேசியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஆயக்குடிக்கு இறங்கினேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். காபி தொடப்படாமல் ஏடு கட்டிக் கிடந்தது. புது நகலைத் தமிழில் படித்துக் காட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா, வெற்றிலை அடக்கிய வாயோடு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தத் தாளை எழுதினது யாரு?"

"எழுதினது நான். கையெழுத்து டாக்டருதுங்க."

"முன்னால வந்துச்சே, அந்தத் தாளு?"

"அதுவும் நான் எழுதினதுதாங்க."

"நல்லா இருக்குய்யா ஒன் பொழப்பு!" என்றாள். யாரோ சிரித்தார்கள். "ரெண்டையும் தூக்கி அங்கிட்டு வையி. மூத்தவ எங்க? அவள வரச் சொல்லு. அவ வாயால நான் கேக்குறேன்."

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். உப்பு வாங்கி உள்ளே வைத்ததிலிருந்து தொடங்கினாள். யாரும் குறுக்கே பேசவில்லை. அந்த அம்மா நடுவில் ஒரு தடவை, "தண்ணி குடிச்சுக்கிட்டுச் சொல்லு தாயி," என்றாள். அவ்வளவுதான். கேட்பதற்கு அந்த அம்மாவுக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை, சுத்தியல் வேண்டியிருக்கவில்லை. முடிந்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டாள்:

"அந்த டப்பா இப்ப எங்க கெடக்கு?"

"என் சாமானெல்லாம் அக்கா எடுத்துக்கிட்டாக. மூத்தவரு பொண்டாட்டி."

"அப்ப அந்த உப்பை இன்னும் ஒருத்தி திங்கிறா."

இது டாக்டருக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றவில்லை. மூன்று நாளாகத் தாளைத் திருத்துகிற வெறியில் திரிந்திருக்கிறேன், ஒரு வீட்டில் அந்த மூடி தினமும் திறந்து மூடிக்கொண்டிருக்க.

"கல்யாணம் தையில. அதுல மாத்தமில்ல," என்று அந்த அம்மா எழுந்தாள். "மொதல்ல இந்த எழுத்துக்கார மனுசன பஸ் ஏத்தி விடுங்கய்யா."

மலை ஏறி நாயுடுபுரம் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. அண்ணன்காரன் வாசலில் நின்றான். அவன் மனைவி உள்ளே அடுப்பருகே. டப்பா அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விஷயத்தைச் சொல்லி அதை எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் மனைவியின் கீழ் உதட்டில் கடிபட்ட காயம் ஒன்று இருந்தது.

"உங்களுக்கு ஏதாவது பண்ணுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு ஒரு மண்ணும் இல்ல," என்றான் அவன். "நல்லாத்தான் இருக்கா."

"நீ வாயை மூடுடா," என்றேன். என் வாழ்நாளில் அப்படி யாரிடமும் பேசியதில்லை. "அவங்க சொல்லட்டும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கணவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "கார்த்திகைக்கு முந்தி, எங்க அம்மா வீட்டுல கெடா வெட்டு..." என்று தொடங்கினாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன்.