பிள்ளைக்காம்பரா அலுமாரிச் சாவி

பால்மா திருடினாள் என்று சிறைக்குப் போன அக்கா எட்டு மாதம் கழித்துத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது, அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. தோட்டமே அக்கா என்று கூப்பிடும் அவள், எங்கள் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவள். நாங்கள் மலையில் கொழுந்து பறிக்கும் நேரமெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்துத் தொட்டிலாட்டியவள். பால்மா அலுமாரிச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். டின்கள் குறைந்தன என்றதும், துரைக்கு அடுத்தபடி எங்களை ஆட்டிவைத்த கண்டாக்கையா, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலேயே அந்தச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவளைப் பொலிசில் ஒப்படைத்தார். 'ஆமாம், என் மகனுக்குக் கொடுத்த பாலும் தண்ணியாகத்தான் இருந்தது' என்று அன்று சத்தமாகச் சொன்னவள் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

பிறகு தோட்டத்து ஸ்டோர்க்காரர், கினிகத்தேனை டவுன் கடையொன்றில் அதே டின்களை விற்கும்போது அகப்பட்டார். பிள்ளைக்காம்பராவுக்கு வந்து சேருமுன்பே டின்களை எடுத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். கேசை மறுபடி விசாரித்து, குற்றமில்லை என்று அக்காவை விட்டார்கள்.

விட்டால் போதுமா? கண்டாக்கையா அவளைப் புல்லு வெட்டப் போகச் சொன்னார். ஜெயிலுக்குப் போனவளிடம் பிள்ளைகளை விடத் தாய்மார் சம்மதிக்க மாட்டார்களாம். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் பேரிலேயே பொய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் பெரட்டுக்குப் போகும் வழியில் பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைந்து, விட்டத்தில் கட்டியிருந்த என் தொட்டில் சேலையை அவிழ்த்தேன். நாங்கள் குடியிருக்கும் லயத்தில், அக்கா வீட்டு முன் தாழ்வாரமான இஸ்தோப்பில் அதைக் கட்டி மகனைப் போட்டேன். அக்கா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் அவன் சிணுங்கியதும் தொட்டிலை ஆட்டினாள். அடுத்த நாள் நாலு சேலை தொங்கியது. அந்தக் கிழமை முடிவதற்குள் பிள்ளைக்காம்பராவில் புது ஆயாவும் அலுமாரியும் மட்டும்தான் மிச்சம்.

கண்டாக்கையா லயத்துக்கே வந்து, எல்லாருக்கும் பேர் வெட்டி வேலையை நிறுத்துவேன் என்று கத்தினார்.

"வெட்டுங்கய்யா. கொழுந்த நீங்களே பறிச்சுக்கங்க" என்றேன்.

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கொழுந்து மலிந்து கிடந்த நேரம், அவரால் என்ன செய்ய முடியும்?

கடைசியில் அக்காவைப் பழைய வேலைக்கே வரச் சொல்லித் துரை ஆளனுப்பினார். சாவி மட்டும் புது ஆயாவிடமே இருக்கட்டுமாம். நல்ல நியாயம்!

"எங்க வச்சுப் புடுங்கினாங்களோ அங்க வச்சுக் குடுக்கச் சொல்லு. இல்லாட்டி எனக்கு இந்த இஸ்தோப்பே போதும்" என்றாள் அக்கா.

இரண்டு நாள் இழுத்தடித்தார்கள். மூன்றாம் நாள் பெரட்டுக் களத்தில், எல்லாரும் பார்த்திருக்க, கண்டாக்கையா சாவியை நீட்டினார். அக்கா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நேரே பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தாள். பெண்களெல்லாம் பின்னாலேயே போனோம். அலுமாரியைத் திறந்து பால் கரைத்தாள். முதல் கோப்பையை என் மகனுக்குக் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"குடிச்சுப் பாரு. தண்ணியா இருக்கான்னு சொல்லு."

எல்லாருக்கும் முன்னால் குடித்தேன். கெட்டியாக இருந்தது. அன்று சொன்ன அதே சத்தத்தில் அதையும் சொன்னேன்.