வார்சிதோவின் இடது கால்

அண்ணன் பைடியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த நாளிலிருந்து வார்சிதோவுக்கு நடை ஒரு வெறியாகிவிட்டது. வார்சிதோ சாலாதிகா ஊரில் சிற்றுந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க உட்கார்ந்தே பிழைப்பு. அண்ணனைப் போலவே அவருக்கும் ஒன்பது வருடமாகச் சர்க்கரை. தேநீரில் சீனியை விட்டார், இரவுச் சோற்றைப் பாதியாக்கினார். பயம் மட்டும் குறையவில்லை.

விடிகாலைத் தொழுகை முடிந்ததும் பூங்காவுக்கு ஓடுவார். அங்கே கூழாங்கற்களைக் குத்திட்டுப் பதித்த பாதை ஒன்று உண்டு. வெறுங்காலோடு நடந்தால் ரத்தம் நன்றாக ஓடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் நாலு அடியில் முகம் சுளித்து இறங்கிவிடுவார்கள். வார்சிதோ இருபது சுற்று போவார். வலிக்காததைத் தன் தேர்ச்சி என்றே நினைத்தார்.

"வெள்ளிக்கிழமை சுகாதார நிலையத்துல சர்க்கரைக்காரங்களுக்குப் பயிற்சி சொல்லித் தர்றாங்க. அங்க வாங்களேன், பாக்," என்பாள் மனைவி முர்னியாசி. அந்த ஊரில் ஆண்களை மரியாதையாக 'பாக்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அங்க வர்ற ஆம்பளைங்களே மூணு பேரு. மூணு பேரும் கிழவனுங்க."

"நீங்க மட்டும் என்ன, இளவட்டமா?"

ஒருநாள் காலையில் முர்னியாசி தரை துடைக்கும்போது வாசலிலிருந்து பழுப்பாகப் பொட்டுப் பொட்டாகக் கறை. பூனை எலியைக் கவ்விக்கொண்டு வந்திருக்கும் என்று துடைத்தபடியே போனாள். கறை சாப்பாட்டு மேசையடியில், கணவரின் இடது பாதத்தில் போய் முடிந்தது. பெருவிரலுக்குக் கீழே ஒரு துளை. உள்ளே கண்ணாடிச் சில்லு.

"வலிக்கலையா?"

"இல்ல."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவரைத் தாக்கியது. அண்ணனும் இதைத்தான் சொன்னார். தட்டைத் தள்ளி வைத்தார்.

சுகாதார நிலையத்தில் சில்லை எடுத்துக் கட்டுப்போட்ட பின், செவிலி நிங்ரும் ஒரு நைலான் இழையை எடுத்தாள். "கண்ணை மூடிக்கோங்க, பாக். பாதத்துல தொடும்போதெல்லாம் சொல்லுங்க."

அவர் காத்திருந்தார். சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. "எப்ப ஆரம்பிப்பீங்க?"

"முடிச்சிட்டேன், பாக்."

வார்சிதோ கண்ணைத் திறந்தார். "நடக்காம இருந்தா சர்க்கரை ஏறுமே. நடந்தா கால் போயிடும்போல. நான் என்னதான் செய்யறது?"

"புண் ஆறுற வரைக்கும் இந்தக் காலை ஊனக் கூடாது. கை இருக்கு, தோள் இருக்கு, உக்காந்தே செய்யலாம். மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல செய்யாதீங்க. சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி வேர்த்தா உடனே நிறுத்திட்டு மிட்டாய் சாப்பிடுங்க. கல்பாதை மட்டும் இனிமே கிடையாது."

இடது காலை ஊன்றாமல் கிளட்ச் மிதிக்க முடியாது. வண்டி தம்பி மகன் கைக்குப் போனது. வார்சிதோ அந்த மூன்று கிழவர்களோடு நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்கி இறக்கினார். மூன்றாவது வாரம் அளந்தபோது புண் ஒரு மில்லிமீட்டர்கூடச் சுருங்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகாமல் நேரே அண்ணனிடம் போனார்.

பைடி கட்டைப் பிரிக்கச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எனக்குக் கறுத்துக் கிடந்துச்சுடா. நாத்தம் வேற. உனக்குச் செவப்பா இருக்கு." தம்பியின் பாதத்தை மடியை விட்டு இறக்காமலே புதுத் துணி வைத்துக் கட்டினார். வார்சிதோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எட்டாவது வாரம் தோல் மூடியது. இப்போது அவர் ஏரிக்கரைப் பக்கம் மூடிய காலணியோடு மெதுவாக சைக்கிள் மிதிக்கிறார். காலணிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்காமல் ஒருநாளும் மாட்டுவதில்லை. சாயங்காலம் முர்னியாசி கைப்பேசி வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் பார்ப்பாள்.

"ஒண்ணும் இல்ல."

"விரல் இடுக்குல?"

"பாத்தேன், பாக். சாப்பிட வாங்க."