பட்டைத்தூள் பாக்கெட்டில் அம்மாவின் படம்

அண்ணன், நீங்கள் அம்மாவின் முகத்தைப் போட்டுப் பொய் விற்றீர்கள்.

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு மலரில் இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. "ஏளா, அம்மாவப் பத்தி நீயே எழுது. அப்படியே கருவாப்பட்டையோட நன்மையப் பத்தியும் ஒரு பக்கம் எழுதிரு, யாவாரத்துக்கு ஒதவும்" என்று அண்ணன்தான் சொன்னார். இரண்டையும் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது ஏரலுக்குப் பக்கத்தில், ஆற்றுத் தண்ணீர் பாயும் நெல்வயல் ஊரில். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அதன்பிறகு அம்மா வீட்டின் முன்னறையில் மளிகைக் கடை போட்டார். யாரிடமும் போய் நிற்கவில்லை. எங்கள் இருவரையும் படிக்க வைத்ததும் என்னைக் கட்டிக்கொடுத்ததும் அந்தக் கடைதான்.

மசாலா சாமான் வாங்க அம்மாவைத் தேடி வருவார்கள். காயல்பட்டினத்திலிருந்து ஒரு முஸ்லிம் அண்ணன், காக்கா என்று கூப்பிடுவோம், வெளிநாட்டு வேலைக்குத் திரும்பிப் போகும்போதெல்லாம் அம்மாவிடம்தான் பட்டை வாங்கிப் போவார். அம்மாவிடம் இரண்டு பட்டை இருக்கும். ஒன்று இலங்கைச் சுருள் பட்டை. காகிதத்தைச் சுருட்டியது போல மெல்லிசாக, விரலால் நொறுக்கினால் நொறுங்கும். இன்னொன்று தடித்தது, உலக்கை போட்டால்தான் உடையும். கறிக்கும் நெய்ச்சோற்றுக்கும் தடித்ததே போதும் என்பார். தேநீருக்கும் பாயசத்துக்கும் சுருளைத்தான் தருவார். கடல்காற்று படும் ஊரில் தூள் சீக்கிரம் கட்டிதட்டிப் பூஞ்சை பிடித்துவிடும் என்று தூளாக விற்கவே மாட்டார். "பட்டையா வாங்கிட்டுப் போங்க, வேணுங்கும்போது இடிச்சுக்கோங்க" என்பார்.

வீட்டில் பட்டை இல்லாத நாள் கிடையாது. வயிறு உப்பினால் சுக்கோடு ஒரு துண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துத் தருவார். மழைக்காலத்தில் தொண்டை கட்டினால் உடன்குடிக் கருப்பட்டியும் பட்டையும் போட்ட வெந்நீர். விருந்து சாப்பிட்டு வந்தால் வாயில் அடக்கிக்கொள்ள ஒரு துண்டு. அரிசிப் பானையில் வண்டு வராமலிருக்க நாலு துண்டு. பட்டுச்சேலைகளுக்கு நடுவே, துணியில் முடிந்து, ஒன்று. அம்மா மடித்து வைத்த சேலையை எடுத்தால் இன்னும் அந்த மணம் வருகிறது. இனிப்பு போடாத தேநீரில் பட்டை போட்டுக் குடித்தால் சீனி இல்லாத குறை தெரியாது என்று அம்மாவுக்குப் பிடிக்கும்.

சீனியை ஏன் விட்டார்? அம்மாவுக்கு சுகர் இருந்தது. நான் வயதுக்கு வரும் முன்பிருந்தே இருந்தது. காலையில் இட்லிக்கு முன்னால் மாத்திரை. ஊருக்குப் போனாலும் மாத்திரை டப்பா இடுப்புப் பையில் இருக்கும். கடைசிக் காலத்தில் ஊசியும் போட்டுக்கொண்டார். ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

இதைச் சந்தேகப்படுகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஏம்மா, பட்டத்தண்ணி குடிச்சா சுகர் போயிரும்னு போன்ல வந்துருக்கு. அரைக்கிலோ போடுங்க."

"எதுக்கு அண்ணாச்சி அரைக்கிலோ, பந்தி வைக்கப் போறீயளா?" என்றார் அம்மா. "பட்ட மூட்ட மேலயே உக்காந்துருக்கேன். அது போறதுன்னா எனக்குல்லா மொதல்ல போயிருக்கணும்! நூறு கிராம் வாங்கிட்டுப் போங்க. அப்படியே ஆசுபத்திரிக்கும் போங்க."

அவர் சிரித்துவிட்டு நூறு கிராம்தான் வாங்கிப் போனார். வந்த வியாபாரத்தைக் குறைத்து அனுப்பிய கடைக்காரி என் அம்மா.

அப்படிப்பட்டவரின் பதினாறாம் நாள் விசேஷத்தில், தாம்பூலப் பையோடு எல்லோருக்கும் ஒரு பாக்கெட் பட்டைத்தூள் கொடுத்தார் அண்ணன். மேலே அம்மாவின் படம், என் மகள் காதுகுத்தில் எடுத்தது. படத்துக்குக் கீழே, "எங்கள் அம்மா மாத்திரையே தொடாமல் சர்க்கரை நோயை வென்றார். தினம் ஒரு கரண்டி போதும்" என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது விலை குறைந்த தடித்த பட்டையின் தூள். அதைத் தினம் கரண்டி கரண்டியாகத் தின்றால் ஈரலுக்குக் கெடுதல் என்று அம்மாவைப் பார்த்த டாக்டரம்மாவே பிறகு எனக்குச் சொன்னார்.

அந்தத் தூள் இப்போது பல ஊர்க் கடைகளில் தொங்குகிறது. காலிப் பாக்கெட்டுகள் தெருவில் கிடக்கின்றன. மழைநீர் வாய்க்காலில் என் அம்மாவின் முகம் மிதந்து போனதை நான் பார்த்தேன். பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண், கையிலிருந்த பாக்கெட்டைக் காட்டி, "இது ஒங்க அம்மாதான? ஒங்க சாடையா இருக்கு. நெசமாவே மாத்திரை போடலயா?" என்று கேட்டார். நான் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. இந்த வீட்டில் பிறந்தேன் என்பதற்கு நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

ஏரலில் இருக்கும் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அவருக்கும் சுகர். பதினாறாம் நாள் வாங்கிப் போன பாக்கெட்டைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிட்டார். வயலில் காலில் முள் குத்தியது ஆறவில்லை. கடைசியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆசுபத்திரிக் கட்டிலில் நான் கேட்டேன், "ஏன் சித்தி நிறுத்துனீங்க?"

"அக்கா படம் போட்டுருந்துச்சுளா. கடைசில மாத்திரைய விட்டுட்டா போலன்னு நெனச்சேன். அக்கா கடையில என்னைக்காவது பொய் சாமான் வித்துருக்காளா? நான் எழுத்தப் பாத்தா குடிச்சேன், அக்கா மொகத்தப் பாத்துலா குடிச்சேன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன ஏசாதளா, புள்ள பொழைக்கணும்லா" என்றார்.

ஏசினேன். அண்ணன் கடைக்கே போய் ஏசினேன். "எல்லாரும்தாம்ளா போடுதான். பட்டை ஒடம்புக்கு நல்லதுதான?" என்றார் அண்ணன். "நல்லதுதான். அம்மா மாத்திரை போட்டதை ஏன் மறைச்சீங்க?" என்றேன். கல்லாவைப் பார்த்துக்கொண்டே, "அதப் போட்டா எவன் வாங்குவான்?" என்றார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். பாக்கெட் மட்டும் நிற்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது அந்தப் பாக்கெட்டை நம்பி மாத்திரையை விட்டிருந்தால், நாளை என்று தள்ளாமல் டாக்டரைப் பாருங்கள். பட்டையைக் குழம்பில் போடுங்கள், தேநீரில் போடுங்கள். மருந்துக்குப் பதிலாகப் போடாதீர்கள்.

நுரையீரலில் நீர் கோத்து அம்மா மூச்சுக்குத் திணறிய கடைசி நாட்களில் கூட இருந்து பார்த்த டாக்டரம்மாவுக்கும் நர்ஸ் பெண்களுக்கும், தன் காரிலேயே ஆசுபத்திரிக்குக் கொண்டு சேர்த்த காயல்பட்டினத்துக் காக்காவுக்கும், அவர் வீட்டிலிருந்து நோன்புக்கஞ்சி காய்ச்சி அனுப்பிய அக்காவுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிப்போன தெருக்காரர்களுக்கும் நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அம்மாவின் பெயரால் ஏமாந்தவர்களிடம் தலைகுனிந்து மன்னிப்பும் கேட்கிறேன். அதை நான் மட்டும் கேட்டால் போதாது.

அண்ணன், இதை நானே அச்சுக்குக் கொடுத்தேன்; இந்த மலர் மண்டபத்தில் எல்லோர் கையிலும் இருக்கும்போதுதான் நீங்களும் படிப்பீர்கள். சித்தி கம்பு ஊன்றி வந்து முன்வரிசையில் இருப்பார். பந்தி ஆரம்பிக்கும் முன் எழுந்து நில்லுங்கள். மைக்கை வாங்குங்கள். அம்மா மாத்திரை போட்டாரா, இல்லையா? சித்தியைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும்வரை நான் இலையில் உட்கார மாட்டேன்.