அக்கா இறங்கியதும் ஓடிய கார்

எங்கள் கார் பதினான்கு வருடப் பழசு. அரியலூருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் ஓட்டும்போது ஒரு தொந்தரவும் கிடையாது. கணவரை இழந்த என் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, அவள் இருக்கும் மீன்சுருட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் போகும் நாளில்தான் வம்பு. அவளை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

பேட்டரி மாற்றியும் மூன்றாவது தடவையாக அப்படி நின்றபோது என் நாக்கில் சனி உட்கார்ந்தது. “நீ ஏறுனாதான்க்கா இது படுத்துக்குது. கொஞ்ச நேரம் எறங்கி நில்லு, பாப்போம்” என்றேன். அக்கா இறங்கி வெயிலில் நின்றாள். அரை மணி நேரம் கழித்துத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. அக்கம்பக்கத்தார் அவளைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன்.

பிறகு ஜெயங்கொண்டத்தில் ஒரு மெக்கானிக் கேட்டார்: “அக்கா இல்லாம அவ்வளவு தூரம் ஓட்டி, நிறுத்துன உடனே திரும்ப எடுத்துப் பாத்திருக்கீங்களா சார்?”

இல்லை என்றேன்.

“ஸ்டார்டர் மோட்டார் பழசாயிடுச்சு. இன்ஜின் சூட்டுல இழுக்காது, ஆறுனா இழுக்கும்.”

பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவன் நான்.

ஸ்டார்டரை மாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் வண்டி மக்கர் செய்தால் எவ்வளவு தூரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதி வைக்கிறேன். யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்ப்பதில்லை.

போன வாரம் அக்காவை அழைக்கப் போனேன். பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். “இப்ப நல்லா ஓடுதுக்கா, ஏறு” என்றேன்.

“நல்லா ஓடட்டும் தம்பி. நான் பஸ்லயே வந்துடுறேன்” என்றாள்.