ஜெஸிந்தா அக்கா உட்கார்ந்த நாற்காலி

குன்னூரில் மேல் பங்களா, கீழ் பங்களா என்று இரண்டு ஓவிய மியூசியங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஒரு வேலி, வேலியில் ஒரு திறப்பு, அதற்குள் கல்படிகள். மேலே காவலுக்கு ஜெஸிந்தா அக்கா. கீழே நான், வேலாமணி. காவல் என்றதும் துப்பாக்கியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நீலச் சேலை, கழுத்தில் தொங்கும் அட்டை, "தொடாதீங்க" என்று சொல்ல ஒரு வாய், அவ்வளவுதான். அந்த வாயை மட்டும் ஆண்டவர் அக்காவுக்குக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்திருந்தார்.

அக்கா நடுவட்டம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்பே கொழுந்து பறிக்கப் போய், இருபது வருஷத்துக்கு மேல் சரிவிலேயே நின்றவர். சரிவில் நிற்பதென்றால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, பாரமெல்லாம் கீழ்க்காலுக்கு. அந்தக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை முடிச்சு முடிச்சாகப் பச்சையாகத் தெரியும். மழைக்காலத்தில் கால் வீங்கினால் செருப்புக்குள் நுழையாது.

அவருடைய எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மேனேஜர் துரையோ ஆபீஸ்காரர்களோ இருக்கும் இடத்தில் தொழிலாளி உட்காரக் கூடாது. அப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, யாரும் சொல்லித் தரவும் இல்லை. ஆனாலும் சம்பள நாளில் பிள்ளைத்தாய்ச்சிகூட ஆபீஸ் வாசலில் நின்றுதான் வாங்குவாள். அக்கா நிறைமாதத்தில் ஒருமுறை ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி பதறியடித்து ஓடி வந்து, "எந்திரி, எந்திரி, ஐயா வர்றாரு" என்றாராம்.

"வரட்டுமுங்க. அவருக்கு வேற படியா இல்லை?" என்றிருக்கிறார் அக்கா.

அடுத்த வாரமே அவரை எஸ்டேட்டிலேயே செங்குத்தான தேயிலைக் காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

அவருடைய வீட்டுக்காரர் செல்லதுரைக்கு வெலிங்டனில் ராணுவ மெஸ்ஸில் சமையல் வேலை கிடைத்த பிறகு குடும்பம் குன்னூருக்கு வந்தது. இங்கே வந்தும் அக்கா மாறவில்லை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஊரே முழங்காலில் நிற்கும்போது இவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பின்வரிசைப் பெண் ஒருத்தி முணுமுணுத்தபோது, "என் காலை ஆண்டவர் பாத்துட்டார். நீ பீடத்தைப் பாரு" என்று சொன்னவர். எனக்கும் கோபம் வரும். ஆனால் அதை டிபன் பாக்ஸில் வைத்து மூடி வீட்டுக்கு எடுத்துப் போகிற ரகம் நான்.

இந்த சீசனுக்கு ஒரு பெரிய கண்காட்சி வந்தது. கோயம்புத்தூரில் பிறந்து டில்லியில் பேர் வாங்கிய வர்ஷா என்கிற கலைஞருடையது. ஒரே கண்காட்சியை இரண்டு மியூசியத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்து வைத்தார்கள், டிக்கெட் ஒன்றுதான். மேல் பங்களாவில் நாற்காலிகள். பழைய துரைமார் வீடுகளிலும் கிளப்புகளிலும் ஏலத்தில் எடுத்தவை. காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளக் கைப்பிடி நீண்ட சாய்வு நாற்காலி, ஏதோ ஒரு எஸ்டேட் மேனேஜரின் சுழல் நாற்காலி, கிளப் வராந்தாவில் கிடந்த நீள பெஞ்சு. கீழ் பங்களாவில், என் பக்கம், அந்த மாதிரி நாற்காலிகளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்த ஜனங்களின் ஆளுயரப் படங்கள். 'யார் உட்கார்ந்தார்கள்?' என்பது கண்காட்சியின் பெயர். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கண்காட்சி. முதல் நாள் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அதுவரை எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. கூட்டமில்லாத நேரத்தில் உட்கார்ந்துகொள்வோம். கண்காட்சி தொடங்கிய இரண்டாம் நாள், கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் அக்காவின் ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், நாலு பக்கமும் போட்டோ எடுத்தார்.

"இது எந்த வருஷத்து இருக்கைங்க?" என்று அக்காவிடமே கேட்டார்.

"போன வருசமுங்க. மார்க்கெட்ல வாங்குனது."

"இதுல யார் உட்கார்ந்தாங்க?"

"நான்தானுங்க."

மனுஷன் கண்கலங்கிப் போனார். வெளியே போகும்போது மேல் பங்களா மேனேஜர் ரொனால்ட் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, மொத்தக் கண்காட்சியிலும் அந்தச் சிவப்பு ஸ்டூலுக்கு ஈடு எதுவுமே இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே இரண்டு ஸ்டூலும் ஸ்டோர் ரூமுக்குப் போயின. பார்வையாளர்கள் குழம்பக் கூடாதாம். நாற்காலியைப் பற்றிய கண்காட்சியில் எங்களுக்கு உட்கார இடமில்லாமல் போன கதை இதுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றோம்.

அக்கா விடுவாரா? ரொனால்ட் சாரிடம் போய்க் கேட்டார். "இது ரெண்டு மியூசியமும் சேர்ந்து நடத்தறது, நான் மட்டும் முடிவெடுக்க முடியாது. கீழே கேளுங்க" என்றார் அவர். கீழ் பங்களா மேனேஜர் சுவாதி மேடத்திடம் கேட்டால், "நாற்காலியெல்லாம் மேல் பங்களா பொறுப்பு" என்றார். படியேறவும் இறங்கவும்தான் அக்காவின் காலுக்கு வேலை கூடியது.

"கடையில நிக்கறவங்களுக்கே உக்கார இடம் குடுக்கோணும்னு சட்டம் வந்திருக்குதுங்க" என்றார் ஒருநாள்.

"இது கடை இல்லைங்களே, மியூசியம்" என்றார் ரொனால்ட் சார். பிறகு நல்ல மூடில் இருந்தாரோ என்னவோ, "குந்தித் தின்றால் குன்றும் மாளும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்று சிரித்தார்.

"நாங்க தலைமுறையா நின்னுதானுங்க தின்னோம். எந்தக் குன்று எங்க பேர்ல இருக்குது?"

அதற்கு மேல் சாருக்குச் சிரிப்பு வரவில்லை.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. ஊட்டிக்குப் போகிற வண்டியெல்லாம் எங்கள் வாசலில் நின்றது மாதிரி கூட்டம். மத்தியானத்துக்குள் அக்காவின் கால் தூணாக வீங்கிவிட்டது. பத்து நிமிஷம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். கூட்டம் குறையட்டும் என்று பதில் வந்திருக்கிறது. அக்கா நேரே நடந்து போய், நாற்காலிகளைச் சுற்றிக் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றி, எஸ்டேட் மேனேஜரின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது அவருடைய எஸ்டேட் மேனேஜரின் நாற்காலியாக இருந்திருந்தால் கதைக்கு எடுப்பாக இருந்திருக்கும். அது இல்லை. வலித்த காலுக்கு அதுதான் கிட்டத்தில் இருந்தது.

மேலே இரைச்சல் கேட்டு சுவாதி மேடம் படியேறி ஓடினார். அவர் பின்னாலேயே நானும் போனேன். ஜனம் வட்டம் கட்டி நிற்கிறது, செல்போன்கள் உயர்ந்திருக்கின்றன. ரொனால்ட் சார் பல்லைக் கடித்துக்கொண்டு, "எந்திரிங்க, முதல்ல எந்திரிங்க" என்கிறார். அக்கா அசையவில்லை. வீங்கின காலை இன்னொரு காலின் மேல் எடுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வர்ஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அன்று ஊரில்தான் இருந்தார். அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"யாரும் இவங்களை எழுப்பாதீங்க! என் கண்காட்சியில இதுதான் குறைஞ்சிருந்தது. அம்மா, கண்காட்சி முடியற வரைக்கும் தினமும் நீங்க இதுலயே உட்கார்ந்திருங்க. உங்க பேரோட பக்கத்துல ஒரு அட்டை வைக்கிறேன்."

ரொனால்ட் சார் பல்லைக் கடிப்பதை விட்டுவிட்டு, "நல்ல யோசனை மேடம்" என்றார். ஒரு நொடியில் எல்லாம் சரியாகிவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாள் முழுக்க மெத்தை வைத்த நாற்காலி. சொல்லிடுக்கா, சொல்லிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"வேண்டாமுங்க" என்றார் அக்கா. "நான் மத்தவங்க பாக்கறதுக்கு உக்காரலை. கால் வலிச்சுது, உக்காந்தேன். வேடிக்கை காட்டுனாத்தான் உக்காரலாம்னா, அதுக்கு நான் நின்னே சாவேன்."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்களுக்கு மரியாதை பண்ணத்தான்..."

"நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க, தெரியுதுங்க. மரியாதை பண்ணோணும்னா ரெண்டு நாற்காலி வாங்கிப் போடச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணு, கீழ நிக்கறாளே வேலாமணி, அவளுக்கு ஒண்ணு. அட்டை எல்லாம் வேண்டாம்."

வர்ஷாவின் முகம் சிவந்துபோனது. அவர் மேனேஜர்கள் இருவரையும் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு கமிட்டியும் கூடி முடிவெடுக்கணும்" என்றார் சுவாதி மேடம்.

"கூடட்டுமுங்க. அது வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

"வேலை போயிடும், ஜெஸிந்தா" என்றார் ரொனால்ட் சார். குரல் தாழ்ந்திருந்தது.

"போகட்டுமுங்க. அதையும் உக்காந்தே கேட்டுக்கறேன்."

கூட்டத்தில் யாரோ கைதட்டப் போனார்கள். அக்கா முறைத்த முறைப்பில் அது அப்படியே அடங்கியது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. என் பையனின் காலேஜ் பீஸ் ஞாபகம் வந்தது. என் பேரையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, நான் அங்கே நிற்பதுகூடத் தெரியாமல் அக்கா காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் கயிற்றைத் தாண்டினேன். கிளப் பெஞ்சு நினைத்ததை விடத் தாழ்வாக இருந்தது. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"வேலாமணி!" சுவாதி மேடம் அலறினார். "என்ன பண்றே நீ? கீழே யார் இருக்காங்க?"

"கீழயும் ஆளில்லீங்க மேடம், மேலயும் ஆளில்லீங்க" என்றேன். "நாங்க உக்காந்திருக்கறோமுங்க."